விலை இறங்கிய காருக்குச் செலவும் இறங்குமா?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கோடி ரூபாயைத் தொட்ட பிஎம்டபிள்யூ எம், மெர்சிடிஸ் ஏஎம்ஜி, போர்ஷே, ஆடி எஸ் வகைக் கார்களில் சில, இன்று பழைய கார் சந்தையில் புதிய ஃபார்ச்சூனர் ஒன்றின் விலைக்கே நிற்கின்றன. அதைப் பார்த்து ஆசை எழுவதில் தவறே இல்லை. பொறியாளர்கள் தங்கள் திறமை முழுவதையும் கொட்டிச் செய்த இயந்திரங்கள் அவை. ஒரு முறை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த ஈர்ப்பு புரியும்.

ஆனால் ஆசைப்பட்டு வாங்கிய கார், ஸ்பேர் வாங்கப் பணமில்லாமல் ஷெட்டின் மூலையில் தூசி படிந்து கிடப்பதும், கடன் தவணை முடிவதற்குள் வந்த விலைக்குத் தள்ளிவிடப்படுவதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. வாங்கியவர் அறிவில்லாதவர் அல்லர். காது வழியாக வந்த சில நம்பிக்கைகளை அவர் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், வீண் பயத்தால் நல்ல காரைக்கூடத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் பயன்படும் என்று இந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: "கார் விலை மூன்றில் ஒன்றாகிவிட்டது. பராமரிப்புச் செலவும் அந்த அளவில்தான் வரும்."

உண்மை: இறங்கியது காரின் விலை மட்டும். அதன் உதிரிப்பாகங்களின் விலை இறங்கவில்லை. பாதி விலைக்கு வாங்கிய யானைக்கும் முழுத் தீனிதான்.

ஒரு காரை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 2005 முதல் 2010 வரை விற்ற, இ60 என்று அழைக்கப்படும் தலைமுறை பிஎம்டபிள்யூ எம்5. ஐந்து லிட்டர், வி10 இன்ஜின், 507 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை ஏறும். பத்து சிலிண்டர் என்றால் பத்து ஸ்பார்க் பிளக், பத்து இக்னிஷன் காயில், பத்து இன்ஜெக்டர். ஆயில் மாற்றுவதற்கு ஏறக்குறைய ஒன்பது லிட்டர் வேண்டும். அதுவும் கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்று கூடாது, 10டபிள்யூ-60 என்ற தனித்தன்மை கொண்ட ஆயில். முன் டயர் 255 அகலம், பின் டயர் 285 அகலம். அதனால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன்செய்யும் வழியும் இல்லை. இவற்றில் எதுவுமே பழுது அல்ல, எல்லாம் அன்றாடத் தேய்மானம். இந்தக் காரை எவ்வளவு மலிவாக வாங்கினாலும் அந்தப் பத்து காயில்கள் பத்தாகவே இருக்கும்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. சிங்கப்பெருமாள் கோவில் அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ ஆலை இயங்குகிறது. 3 சீரிஸ், 5 சீரிஸ் போன்றவை அங்கே பூட்டப்படுகின்றன. எம்3, எம்5 போன்ற முழு எம் கார்கள் அப்படி அல்ல, வெளிநாட்டில் முழுதாகச் செய்யப்பட்டு இறக்கப்பட்டவை. வெளித்தோற்றத்தில் 5 சீரிஸ் போலவே இருந்தாலும் எம்5-இன் இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் வேறு. சாதாரண 5 சீரிஸுக்கு எளிதில் கிடைக்கும் பாகம், எம் காருக்கு ஜெர்மனியிலிருந்து வந்தாக வேண்டியிருக்கும். சுங்க வரியும் காத்திருப்பும் செலவோடு சேரும்.

ஆகவே பராமரிப்புக்கு ஒதுக்கும் தொகையைக் கணக்கிடும்போது, நீங்கள் கொடுத்த விலையை மறந்துவிடுங்கள். அந்தக் கார் புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதுதான் கணக்கின் அடிப்படை.

நம்பிக்கை 2: "குறைந்த கிலோமீட்டர் ஓடிய கார்தான் நல்ல கார்."

உண்மை: ஓடுவதால் தேயும் பாகங்கள் உண்டு, நின்றே கெடும் பாகங்களும் உண்டு. பத்தாண்டில் 18,000 கி.மீ. மட்டும் ஓடிய காரில் பிஸ்டன் புதிதாக இருக்கலாம். ரப்பர் சீல்கள், ஹோஸ்கள், சஸ்பென்ஷன் புஷ்கள், கூலன்ட் தொட்டியின் பிளாஸ்டிக் எல்லாம் பத்து வயதுப் பொருட்களே. நம் வெயிலில் அவை இன்னும் சீக்கிரம் இறுகி வெடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். கோடுகள் ஆழமாகத் தெரிந்தாலும், இப்படி வயதான டயரை நம்பி 200 கி.மீ. வேகம் போகக்கூடிய காரை ஓட்டக் கூடாது. நான்கு டயர் மாற்றும் செலவை அப்போதே விலையில் கழித்துக் கேளுங்கள்.

மீட்டரில் காட்டும் எண் உண்மைதானா என்பது அடுத்த கேள்வி. பல ஜெர்மன் கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் அல்லாமல் வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகிறது. விவரம் அறிந்தவர் சரியான ஸ்கேனரை மாட்டினால் முரண்பாடு வெளியே வரும். 18,000 கி.மீ. என்று சொல்லப்படும் காரில் ஸ்டியரிங் தோலும் பிரேக் பெடலும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால், கண்ணே சாட்சி.

நம்பிக்கை 3: "ஜெர்மன் இன்ஜின். அதிலும் டைமிங் பெல்ட் இல்லை, செயின். ஆயுளுக்கும் பிரிக்க வேண்டாம்."

உண்மை: அதிகப் பணம் போவது இந்த நம்பிக்கையில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

உச்ச வேகத்துக்காகச் செய்த ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஓர் அறியப்பட்ட பலவீனம் இருக்கிறது. அது ரகசியம் அல்ல, அந்தக் காரைப் பல ஆண்டுகளாகப் பிரித்துப் பூட்டுகிற மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்தது. வாங்குபவருக்கு மட்டும் தெரியாமல் போவதுதான் கொடுமை.

மேலே சொன்ன எம்5-இன் வி10 இன்ஜினிலும், அதன் தம்பியான 2007–2013 எம்3-இன் நான்கு லிட்டர் வி8 இன்ஜினிலும், கனெக்டிங் ராடு பேரிங்குகள் எதிர்பார்த்ததைவிட முன்னதாகத் தேய்வது தெரிந்த குறை. கிராங்க் ஷாஃப்ட்டையும் பிஸ்டன் ராடையும் இணைக்கும் இடத்தில், மெல்லிய ஆயில் படலத்தின் மேல் இயங்கும் உலோகத் தகடுகள் அவை. தேயும்போது பெரும்பாலும் சத்தம் வராது. சத்தம் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டால் பல சமயம் கிராங்க்கும் போயிருக்கும், அதற்கு மேல் இன்ஜினே மாற்ற வேண்டிவரும். ஆனால் இன்ஜினைக் காரிலிருந்து கழற்றாமலே, கீழ்ப்பக்கமாக ஆயில் சம்பைத் திறந்து இந்த பேரிங்குகளை முன்கூட்டியே மாற்றிவிட முடியும். பழைய ஆயிலைச் சோதனைக்கூடத்தில் கொடுத்து, ஈயமும் செம்பும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று பார்த்தும் தேய்மானத்தை அறியலாம். இந்த வேலை முடிந்ததற்கு பில் இருக்கும் எம்3-க்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது சிக்கனம்.

போர்ஷே பக்கம் வருவோம். முதல் பாக்ஸ்டரிலிருந்து 2008 வரையிலான பாக்ஸ்டர், கேமன் கார்களிலும் சாதாரண 911-களிலும் இடைநிலை ஷாஃப்ட் ஒன்று உண்டு. அதன் பேரிங் உடைந்தால் உலோகத் துண்டுகள் இன்ஜின் முழுக்கப் பரவும். 2001–2005 மாடல்களில் இந்தப் பழுது அமெரிக்காவில் உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குத் தொடுக்கும் அளவுக்குப் போய், சமரசத்தில் முடிந்தது. எல்லா இன்ஜினும் இப்படி உடைவதில்லை, பெரும்பான்மை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மேனுவல் காரில் கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போது, பெரும்பாலான மாடல்களில் அந்த பேரிங்கையும் எட்டி மாற்றிவிடலாம். 2009 மாடலில் வந்த புதிய இன்ஜினில் அந்த ஷாஃப்ட்டே இல்லை. அதே காலத்து 911 டர்போ, ஜிடி3 கார்களின் இன்ஜின் முற்றிலும் வேறு வடிவமைப்பு என்பதால் அவற்றுக்கும் இந்தக் குறை இல்லை. பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் ஆண்டும் இன்ஜினும் மாறினால் செலவுக் கணக்கே மாறிவிடும்.

செயின் பற்றிய நம்பிக்கைக்கு நேரடி பதில் ஆடியின் பழைய எஸ்4. 2000-களின் முதல் பாதியில் வந்த 4.2 லிட்டர் வி8 எஸ்4-இல் டைமிங் செயின் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் கைடுகள் தேய்ந்து உடைந்தால், அவற்றை மாற்ற இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும். பாகத்தின் விலையைவிட வேலைக்கூலி மேலே நிற்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது சில நொடிகள் கடகடவென்று செயின் சத்தம் வருகிறதா என்று கேட்கச் சொல்வது இதனால்தான். விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலை மீண்டும் வாருங்கள்.

ஏஎம்ஜி-யின் புகழ்பெற்ற 6.2 லிட்டர் வி8-உம் விதிவிலக்கு அல்ல. அதன் தொடக்க கால இன்ஜின்களில் சிலிண்டர் ஹெட் போல்ட்டுகள் பலவீனமானவை. அவை முறிந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும். பின்னாளில் திருத்திய போல்ட்டுகள் வந்தன. நீங்கள் பார்க்கும் சி63-இல் எந்த போல்ட் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

நம்பிக்கை 4: "கியர்பாக்ஸ் ஆயில் லைஃப்டைம். இன்ஜின் ஆயிலும் கார் சொல்லும்போது மாற்றினால் போதும்."

உண்மை: பல சொகுசு கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு ஆண்டுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. கார் நிறுவனங்கள் சொல்லும் "லைஃப்டைம்" முதல் உரிமையாளரின் காலத்துக்குப் பொருந்தலாம். நீங்கள் இரண்டாவது, மூன்றாவது உரிமையாளர். பல மாடல்களில் ஃபில்டர், பிளாஸ்டிக் ஆயில் பேனோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. ஆயில் மாற்றும்போது பேன் முழுவதையும் மாற்றியாக வேண்டும். அப்படிச் செய்தாலும் கியர்பாக்ஸையே மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

இன்ஜின் ஆயிலுக்கு பிஎம்டபிள்யூ-வின் 4.4 லிட்டர் இரட்டை டர்போ வி8 நல்ல பாடம். 750, எக்ஸ்6 50 போன்ற கார்களில் 2008 முதல் வந்த இன்ஜின் அது. இரண்டு டர்போவும் வி வடிவ இடைவெளிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் சூடு அங்கேயே தேங்கும். ஆயில் குடிப்பது, இன்ஜெக்டர் பழுது, செயின் தளர்வு என்று புகார்கள் குவிந்தன. 2014 டிசம்பரில் பிஎம்டபிள்யூ அமெரிக்காவில் அந்த இன்ஜினுக்கென்றே தனிப் பராமரிப்புத் திட்டம் அறிவித்தது. சுமார் 24,000 கி.மீ. என்றிருந்த ஆயில் மாற்றும் இடைவெளி அதில் 16,000 கி.மீ. அல்லது ஓராண்டு என்று குறைந்தது. செய்த நிறுவனமே தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. சென்னை நெரிசலிலும் கோடை வெயிலிலும் ஊர்ந்து ஓடும் காருக்கு அதற்கும் முன்பே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

நம்பிக்கை 5: "ஓடுகிற வரை ஓடட்டும், பழுது வந்தால் பார்த்துக்கொள்ளலாம்."

உண்மை: இந்தக் கார்களில் சின்னப் பழுது தனியாக நிற்பதில்லை, பக்கத்துப் பாகத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மெர்சிடிஸ் எஸ் கிளாஸின் ஏர் சஸ்பென்ஷனைப் பாருங்கள். ரப்பர் காற்றுப் பையில் மெல்லிய கசிவு வந்தால் கார் ராத்திரியில் ஒரு பக்கம் சாயும், காலையில் கம்ப்ரசர் காற்றடித்து நிமிர்த்திவிடும். "சரியாகிவிட்டது" என்று விட்டால், ஓயாமல் ஓடும் கம்ப்ரசரும் எரியும். கம்ப்ரசரை மட்டும் மாற்றிக் கசிவை விட்டுவைத்தால் புதிய கம்ப்ரசரும் அதே வழியில் போகும்.

நான்கு சக்கரத்துக்கும் திறன் செல்லும் கார்களில் ஒரே ஒரு டயரை மட்டும் புதிதாகப் போடுவதும் இப்படித்தான். புதிய டயருக்கும் தேய்ந்த டயருக்கும் சுற்றளவு வேறு. அந்த வேறுபாட்டை டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் தாங்கித் தாங்கி ஒருநாள் தேய்ந்துவிடும். வெப்பநிலை முள் கொஞ்சம் ஏறினாலே வண்டியை ஓரம் கட்ட வேண்டும். விரிசல் விட்ட கூலன்ட் தொட்டி சிறிய செலவு, அதை அலட்சியம் செய்து வளைந்த சிலிண்டர் ஹெட் பெரிய செலவு.

நம்பிக்கை 6: "கம்பெனி சர்வீஸ் சென்டரை விட்டால் வேறு வழி இல்லை." இதன் மறுபக்கம்: "நம்ம தெரு மெக்கானிக்கே போதும்."

உண்மை: இரண்டும் தவறு. கார் நிறுவனங்கள் எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதில்லை. சஸ்பென்ஷன் ஆர்ம் லெம்ஃபோர்டர், ஷாக் அப்சார்பர் பில்ஸ்டீன் அல்லது சாக்ஸ், இன்ஜெக்டர் பாஷ், ஃபில்டர் மாலே என்று வெளியாரிடம் வாங்கித் தங்கள் முத்திரையைப் பதிக்கின்றன. அந்த முத்திரை இல்லாத பெட்டியில் அதே தயாரிப்பாளரின் பாகம் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். போலிகளும் உலவுவதால் நம்பகமான கடையில் பில்லோடு வாங்க வேண்டும்.

ஆனால் கைகள் தேர்ச்சி பெற்றவையாக இருக்க வேண்டும். பல பிஎம்டபிள்யூ-க்களில் பேட்டரி மாற்றினால்கூட, புதிய பேட்டரி போட்டிருக்கிறோம் என்று காரின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரி என்றே நினைத்து சார்ஜ் ஏற்றி, புதியதன் ஆயுளைக் குறைத்துவிடும். சென்னை, கோவை போன்ற ஊர்களில் ஜெர்மன் கார்களை மட்டுமே பார்க்கும் தனி ஷெட்கள் இருக்கின்றன. காரை வாங்குவதற்கு முன்பே அப்படி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் ஊரில் இல்லையென்றால், ஒவ்வொரு பழுதுக்கும் லாரியில் ஏற்றி அனுப்பும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நம்பிக்கை 7: "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, என்ன ஆனாலும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

உண்மை: காப்பீடு விபத்துக்கும் திருட்டுக்கும் இயற்கைச் சீற்றத்துக்கும்தான். தேய்ந்த பேரிங், கசியும் காற்றுப் பை, செத்த டர்போ எதற்கும் அது பணம் தராது. விபத்திலும் முழுத் தொகை வராது. சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டயர், பேட்டரி, ஏர்பேக்குக்கும் 50 சதவீதம் கழிப்பார்கள். ஐந்து முதல் பத்து வயதுக் காரின் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதம், அதற்கும் மேல் வயதென்றால் 50 சதவீதம் கழிப்பு. இந்தக் கழிவைத் தவிர்க்கும் "ஜீரோ டெப்" சேர்க்கை, வயதான காருக்குக் கிடைப்பது அரிது. ஒரு ஹெட்லைட்டே லட்சங்களில் இருக்கும் காரில் இந்தச் சதவீதங்கள் சின்ன விஷயம் அல்ல.

நம்பிக்கை 8: "வெளிமாநிலத்திலோ ஏலத்திலோ எடுத்தால் கொள்ளை லாபம்."

உண்மை: டெல்லி வட்டாரத்தில் டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்று கட்டுப்பாடு வந்த பிறகு, வயதான சொகுசு கார்கள் அங்கிருந்து மலிவாகத் தெற்கே வந்தன. மலிவுதான். ஆனால் என்ஓசி, இங்கே மீண்டும் கட்டும் சாலை வரி, மறுபதிவு எல்லாவற்றையும் கூட்டிய பிறகே லாபம் பேச வேண்டும்.

அதைவிடக் கவலைப்பட வேண்டியது வெள்ளத்தில் மூழ்கிய கார். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனை கார்கள் நீரில் நின்றன என்பது நமக்கே தெரியும். சொகுசு கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பல, சீட்டுக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழும் டிக்கியின் பள்ளத்திலும் இருக்கும். நீர் பட்ட இணைப்புகள் மாதங்கள் கழித்துத்தான் பச்சை பூக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழியைத் தடவிப் பாருங்கள். காப்பீட்டு கிளெய்ம் வரலாற்றைக் கேளுங்கள்.

நம்பிக்கை 9: "இந்த மாதிரிக் காரைத் தொட்டாலே குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்."

உண்மை: இதுவும் பாதி உண்மையே. பலவீனம் எதுவென்று தெரிந்து, அதை முன்கூட்டியே சரிசெய்து, முழு சர்வீஸ் வரலாற்றோடு இருக்கும் எம்3-ஐயோ 2009-க்குப் பிந்தைய 911-ஐயோ பல ஆண்டுகள் நிம்மதியாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல நிலையில் காக்கப்பட்ட சில மாடல்கள் மேற்கொண்டு விலை இறங்காமலும் நிற்கின்றன. அந்த நிம்மதி அதிர்ஷ்டத்தால் வருவதில்லை. எந்த இன்ஜின், எந்த ஆண்டு, யார் பராமரித்தது என்ற மூன்று கேள்விகளுக்குச் சரியான பதில் இருந்தால் வரும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில், கையில் உள்ள பணம் முழுவதையும் காரின் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். காரின் புதிய விலையை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்ட ஒரு தொகை முதலாண்டுப் பராமரிப்புக்கென்று தனியாக இருக்கட்டும். அது இல்லையென்றால் அடுத்த படி கீழே உள்ள காரைப் பாருங்கள். ஓய்ந்துபோன எம்5-ஐவிட, சிறப்பாகப் பராமரிக்கப்பட்ட ஆறு சிலிண்டர் 5 சீரிஸ் ஓட்டுவதற்கும் இனிமை, நெஞ்சுக்கும் நிம்மதி. இரண்டாவதாக, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு தேர்ந்த ஷெட்டில் காரைத் தூக்கி நிறுத்திக் கீழேயிருந்து பார்க்கச் சொல்லுங்கள், ஸ்கேனர் போட்டு எல்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் படிக்கச் சொல்லுங்கள். அதற்கு சில ஆயிரம் செலவாகும். விற்பவர் மறுத்தால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, பில் கேளுங்கள். "நன்றாகப் பார்த்துக்கொண்டேன்" என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பே இல்லை. தேதியும் கிலோமீட்டரும் எழுதிய காகிதத்துக்குத்தான் மதிப்பு.

சந்தையில் அந்த மாடலிலேயே மலிவாக நிற்கும் காரைத்தான் எல்லோருடைய கண்ணும் முதலில் தேடும். அந்தக் கார் மலிவாக நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், முந்தைய உரிமையாளர் செய்திருக்க வேண்டிய செலவு இன்னும் செய்யப்படாமல் இருப்பது. அதைச் செய்யப்போவது நீங்கள். விலை கூடுதலாகச் சொன்னாலும் கோப்பு நிறைய பில்லோடு நிற்கிறதே, அந்தக் காரைத் தேர்ந்தெடுங்கள். கணக்குப் பார்த்தால் சிக்கனமானது அதுதான்.